தியான மலையும் போதனைப் பீடமும்: ழான் ஜெர்சோன் நோக்கில் பெண்களின் பக்தி

பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சான்சலர் ஒருவர், பல்கலைக்கழக வாயிலை ஒருநாளும் மிதிக்க இயலாத தம் தங்கையருக்கென்று 1400ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். நூலின் பெயர் 'தியான மலை'. எழுதிய மொழி இலத்தீன் அன்று. அவர்கள் வீட்டில் பேசிய பிரெஞ்சு. அக்காலத்தில் இறையியல் இலத்தீனில் எழுதப்பட்டு, இலத்தீனில் வாதிடப்பட்டு, இலத்தீன் கற்ற ஆடவரிடையே மட்டும் வழங்கிவந்த துறை. ஆதலின், கல்வியறிவில்லாத பெண்களுக்கு இத்துணை உயர்ந்த பொருளைத் தாய்மொழியில் எழுதலாமா எனப் பிறர் வியப்பர் என்பதை எழுதியவர் அறிந்திருந்தார். நூலின் தொடக்கத்திலேயே அவ்வியப்பை எடுத்துக்கொண்டு விடையும் கூறிவிடுகிறார். கற்றவர்க்கு இலத்தீனில் நூல்கள் பல உள, கல்லாதவர்க்கு ஒன்றுமில்லை. இறைவனை அன்பினால் அணுகுவோர்க்குத் தருக்கமும் வேண்டா, பட்டமும் வேண்டா. இதுவே அவ்விடையின் சாரம்.

அவர் பெயர் ழான் ஜெர்சோன் (1363–1429). 'தியான மலை'யைப் படித்த கையோடு இவருடைய பிற நூல்களைப் புரட்டுவோர் திகைத்துப் போவர். 1423இல் எழுதிய 'போதனைகளை ஆராய்தல்' என்னும் இலத்தீன் நூலில், பெண்களின் போதனை, அதிலும் ஊரறியச் சொல்லப்பட்டோ எழுதப்பட்டோ வருவது, ஐயத்திற்குரியது என்கிறார். ஆடவர் போதனையினும் கடுமையாக ஆராய்ந்த பின்னரே அதனை ஏற்கலாம் என்றும் விதிக்கிறார். அதற்கும் ஆறாண்டு கழித்து, 1429 மே மாதத்தில், எழுதப் படிக்கத் தெரியாத குடியானவப் பெண் ஒருத்தி ஆடவர் உடை தரித்துப் படையோடு சென்றதை ஆதரித்து ஓர் ஆய்வுரை இவர் பெயரால் வெளிவருகிறது. அப்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பவர் முரண்பாடு என்று கூறி நகர்ந்துவிடலாம். சற்றே நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். பெண்ணின் பக்தியை ஜெர்சோன் ஒருபோதும் ஐயுற்றவரல்லர். அவர் ஐயுற்றது பெண்ணின் சொல்லை. இறைவனிடம் பேசலாம், இறைவனைப் பற்றிப் பிறர்க்குப் பேசலாகாது என்பதே அவர் இட்ட கோடு. அக்கோட்டின்மேல் அவர் கால் எத்தனைமுறை இடறிற்று என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

மூத்தவரும் தங்கையரும்

ஜெர்சோன் என்பது ஊர்ப்பெயர். பிரான்சின் ஷம்பாஞ் பகுதியில் ரெத்தேல் நகருக்கு அருகிலிருந்த அச்சிற்றூர் இன்று இல்லை. அங்கு ஆர்னூல் லெ ஷார்லியே என்பவருக்கும் எலிசபெத் அம்மையாருக்கும் பிறந்த பன்னிரு மக்களில் ழான் மூத்தவர். பெரிய செல்வக்குடியன்று. தாயின் பக்தியை மகன் இறுதிவரை மறக்கவில்லை. புனித அகஸ்டினின் தாயாகிய மோனிக்காவோடு அவரை ஒப்பிட்டார். 1377இல் பாரிஸ் சென்று நவார் கல்லூரியில் சேர்ந்த அவர், பதினெட்டு ஆண்டுகளில், 1395இல், பியேர் தாயியை அடுத்துச் சான்சலர் ஆனார். கற்பிக்கும் உரிமையை யாருக்கு அளிப்பது என்று தீர்மானிக்கும் பதவி அது. பிற்காலத்தில் அவர் பெண்களின் சொல்லைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கும்போது, உரிமச்சீட்டு வழங்கும் இவ்வதிகாரியின் குரல் அடிக்கடி கேட்கும்.

தங்கையர் பெரும்பாலோர் மணம் புரியாமலே வாழ்ந்தனர். மூத்த தங்கை மாரியோன் மணந்து கைம்பெண்ணானவர். அவர்கள் துறவு மடம் எதிலும் சேராமல், வீட்டிலேயே கூடி வாழ்ந்து செபத்திலும் உழைப்பிலும் நாள் கழித்தனர். அதனை ஊக்கியவர் தமையனே. கன்னிமையின் சிறப்பைப் பற்றி அவர்களுக்கு எழுதிய பிரெஞ்சு உரையில், மணவாழ்வின் துன்பங்களை அவர் அடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. விண்ணுலகக் கைம்மாறு மட்டும் அங்குப் பேசப்படவில்லை. கணவனின் சினம், பேறுகால வேதனை, பிள்ளைகள் பெருகப் பெருக வரும் வறுமை ஆகியவையும் பேசப்படுகின்றன. பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற தாயின் மூத்த மகன் அவ்வாறு எழுதினார் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் அவ்வுரை வெறும் உபதேசமாகத் தோன்றும்.

'தியான மலை' எழுதப்பட்டபோது ஜெர்சோன் பாரிஸில் இல்லை. ஃப்ளாண்டர்ஸ் நாட்டுப் புரூஷ் நகரில் புனித தொனேஷியன் ஆலயத் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பல்கலைக்கழகத்தில் நடந்த வீண் தருக்கங்களில் அவருக்குச் சலிப்பு மிகுந்திருந்த காலம் அது. நூலில் இருவகை அறிவு பிரித்துரைக்கப்படுகிறது. ஒன்று ஆராய்ந்து அறிவது. மற்றொன்று சுவைத்து அறிவது. முன்னது பள்ளிக்கூடத்துக்கு உரியது. பின்னதற்கு அன்பு ஒன்றே போதும். மலையேறும் வழியாக மூன்று படிகளைக் காட்டுகிறார். தாழ்மையோடு கூடிய தவம் முதற்படி. தனிமையும் மௌனமும் இரண்டாம் படி. தளராத உறுதி மூன்றாம் படி. முதலும் மூன்றும் எல்லார்க்கும் பொதுவான அறவுரைகளே. நடுவில் நிற்கும் மௌனம்தான் பின்னர் வரப்போவதற்கெல்லாம் திறவுகோல்.

இக்கருத்தைத் தங்கையர்க்காக மட்டும் அவர் கூறினாரல்லர். அடுத்த சில ஆண்டுகளில் அறிஞர்களுக்கென இலத்தீனில் எழுதிய 'மறைஞான இறையியல்' நூலிலும், எளிய பெண்ணாயினும் எழுத்தறியாதவனாயினும் மறைஞானத்தின் உச்சியை எய்தலாம் என்றே எழுதுகிறார். அன்பின் துறையில் சான்சலருக்கும் தையற்காரிக்கும் வேறுபாடில்லை என்று பல்கலைக்கழக மேடையில் நின்றே கூறியது சிறிய செயலன்று.

தமிழ்க் கத்தோலிக்கர் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' எனப் போற்றும் நூலை, ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய காலத்தில் ஜெர்சோன் எழுதியதாகவே பலர் கருதிவந்தனர் என்பதை ஈண்டு நினைவு கூரலாம். பிற்கால ஆய்வுகள் அதனைத் தாமஸ் அ கெம்பிஸுக்கு உரியதாக்கின. ஆயினும் வீண்கல்வியைத் தள்ளி அன்பைக் கொள்ளும் அந்நூலின் போக்கு, தவறாகக் கருதியவர்களும் காரணமின்றிக் கருதவில்லை என்பதைக் காட்டும்.

பொற்காசை உரைத்துப் பார்த்தல்

தங்கையர்க்கு மலைவழி காட்டிய அதே ஆண்டுகளில், பிற பெண்களின் திருக்காட்சிகள் அவரிடம் ஆய்வுக்கு வரத் தொடங்கின. 1401–1402 அளவில் அவர் எழுதிய 'மெய்க்காட்சிகளைப் பொய்க்காட்சிகளினின்று பிரித்தறிதல்' என்னும் நூலில் ஓர் உவமை வருகிறது. திருக்காட்சி கண்டேன் என்று ஒருவர் வந்தால், காசு மாற்றுவோன் பொற்காசைச் சோதிப்பதுபோலச் சோதிக்க வேண்டும். காசின் எடை பணிவு, ஒடியாமல் வளையும் தன்மை விவேகம், நீடித்து உழைக்கும் திறம் பொறுமை, மேலுள்ள முத்திரை வாய்மை, பொன்னிறம் அன்பு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் காசு கள்ளக்காசே.

உவமை அழகியது. அதனை அவர் கையாண்ட முறைக்கு ஆராஸ் நகரத்துப் பெண்ணின் செய்தி சான்று. கணவனும் பிள்ளைகளும் உடைய அப்பெண், ஒருவரையும் கேளாமல் இரண்டு நாள், சில வேளை நான்கு நாள் உண்ணாதிருந்து, பின்னர் பேராவலோடு உண்பாள். ஊரார் வியந்தனர். ஜெர்சோன் அவளை நேரிற் கண்டு பேசினார். ஏன் இந்த நோன்பு என்று வினவியபோது, உண்ணத் தான் தகுதியற்றவள் என்பதன்றி அவளால் வேறு விளக்கம் தரக்கூடவில்லை. ஆன்மகுருவின் ஆலோசனையையும் அவள் நாடியிருக்கவில்லை. இது தீய ஆவியின் வஞ்சகமாகலாம் என்று அஞ்சி, நோன்பை விடுமாறு அறிவுறுத்தினார். இன்றைய வாசகர்க்கு அவளிடம் நோயுற்ற மனமொன்று தெரியக்கூடும். அவ்வகையில் உண்ணச் சொன்ன ஜெர்சோனின் அறிவுரை நல்லறிவுரையே. ஆனால் அவர் முதலிற் கண்ட குற்றம் பட்டினியன்று. கேளாமற் செய்தாள் என்பதே அது.

அதே நூலில் மற்றொரு பெண்ணும் குறிக்கப்படுகிறார். வலான்சியென் நகரத்து மரியா என்பவர் நம்புதற்கரிய நுட்பத்தோடு ஒரு நூல் எழுதினார் என்றும், அதன் வழி பிழையானது என்றும் ஜெர்சோன் எழுதுகிறார். இப்பெண், 1310 ஜூன் முதல் நாளன்று பாரிஸ் நகரத்துக் கிரேவ் திடலில் எரித்துக் கொல்லப்பட்ட மார்கரீத் போரேத் ஆதல் வேண்டும் என்பர் ஆய்வாளர். 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி' என்னும் தம் நூலை விலக்கிக்கொள்ள மறுத்ததற்காக எரிக்கப்பட்டவர் அவர். நூல் அழியவில்லை. எழுதியவர் பெயரின்றிப் பல மொழிகளில் மடங்கள்தோறும் வழங்கிவந்தது. அது மார்கரீத்தின் நூல் என்பதை ரோமானா குவார்னியேரி என்னும் ஆராய்ச்சியாளர் 1946இல் அறிவித்தார். நம்புதற்கரிய நுட்பம் என்ற சொற்களில் கண்டனத்தோடு வியப்பும் கலந்திருக்கிறது. அந்த நுட்பமே ஜெர்சோனை அச்சுறுத்தியது போலும்.

இந்நூலில் வரும் இன்னொரு செய்தியையும் விட்டுவிட இயலாது. சமயப்பற்று மிக்க ஒருவர், இறையன்பின் பொருட்டே கன்னித்துறவி ஒருத்தியோடு பழகினார். ஐயுறத்தக்கது எதுவும் நிகழவில்லை. ஒருமுறை அவளைப் பிரிந்து வெளியூர் செல்ல நேர்ந்தபோதுதான், தம் உள்ளத்தில் வளர்ந்திருந்த அன்பு முழுவதும் ஆன்மிகமானதன்று என்பதை உணர்ந்தார். அவ்வொருவர் ஜெர்சோனே எனக் கொள்ளும் ஆய்வாளர் உளர். அவ்வாறாயின், பெண்களோடு நெருங்கிப் பழகும் குருக்களை அவர் பின்னாளில் எச்சரித்த கடுமையில் பாதி தமக்குத் தாமே இட்டுக்கொண்ட எச்சரிக்கை ஆகும்.

இரண்டு போப்பாண்டவர்களும் இரண்டு பெண்களும்

தனிமனித அச்சம் மட்டும் இவ்வளவு கடுமைக்குக் காரணமாகாது. காலம் அத்தகையது. போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டு நெடுங்காலம் அவிஞ்ஞோனில் தங்கியிருந்தனர். அவர்கள் ரோமாபுரிக்குத் திரும்ப வேண்டும் என்று இறைவனின் பெயரால் வற்புறுத்தியவர்களுள் இருவர் பெண்கள்: சுவீடனைச் சேர்ந்த பிரிஜித்தா (1303–1373), சியன்னா நகரத்துக் கத்தரீன் (1347–1380). பதினோராம் கிரகோரியார் 1377இல் ரோமாபுரி புகுந்தார். மறு ஆண்டு மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டில் இரு போப்பாண்டவர்கள் தேர்ந்தெடுக்கப்பட, மேலைத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. பிளவு ஏறத்தாழ நாற்பது ஆண்டு நீடித்தது. ஜெர்சோனின் மாணவப் பருவமும் பதவிக்காலமும் இப்பிளவுக்குள் அடங்கிவிட்டன. இரு தரப்பிலும் காட்சி கண்டோர் இருந்தனர். ஒரே இறைவன் இரு போப்பாண்டவர்களையும் உண்மையானவர் என்று கூறியிருக்க முடியாதன்றோ?

கிரகோரியார் மரணப்படுக்கையில் நற்கருணையைக் கையில் ஏந்தியவாறு, தம் மனக்காட்சிகளையே இறைவாக்கென்று பேசும் ஆடவர் பெண்டிரை நம்பாதீர், அவர்களால் தாம் வழிதவறினேன் என்று சுற்றியிருந்தோரை எச்சரித்ததாக ஜெர்சோன் 1423இல் எழுதுகிறார். அவ்வாறு நிகழ்ந்ததோ இல்லையோ, பாரிஸ் அறிஞர்கள் அதனை நம்பினர். பிளவுக்குப் பழி சுமத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. தேர்தலில் வாக்களித்த கர்தினால்மார் அனைவரும் ஆடவர் என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிளவைத் தீர்க்கக் கூடிய கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் (1414–1418) ஜெர்சோன் முன்னணியில் நின்றார். யான் ஹுஸ் கண்டிக்கப்பட்டு எரிக்கப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. 1391இலேயே புனிதராக அறிவிக்கப்பட்டிருந்த பிரிஜித்தாவின் காட்சிகளைச் சங்கம் எவ்வாறு மதிப்பது என்ற வினா அங்கு எழுந்தபோது, 1415இல் 'ஆவிகளைச் சோதித்தல்' என்னும் சிறுநூலை எழுதினார். பொய்யாயின் ஏற்பது இழுக்கு. உலகெங்கும் மக்கள் போற்றும் ஒருவரை இப்போது தள்ளினால் அதுவும் பெரிய இடறல். ஆகவே அவர் தீர்ப்பளிக்கவில்லை. தீர்ப்பளிக்கும் வழியைக் கூறினார். யாருக்குக் காட்சி வந்தது, அதில் என்ன உரைக்கப்பட்டது, எதன் பொருட்டு, யாரிடம் வெளிப்படுத்தப்பட்டது, காட்சி கண்டவரின் வாழ்க்கை எத்தகையது, காட்சி எங்கிருந்து வந்தது எனக் கேட்க வேண்டும். நீதிமன்றக் குறுக்கு விசாரணையின் அமைப்பு இது. இதில் 'யாருக்கு' என்ற முதல் வினாவிலேயே பெண்களும் இளையோரும் ஐயத்தோடு நோக்கப்படுகின்றனர். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் என்ற பெயரில் தம் காட்சிகளை முடிவின்றிக் கூறிக் குருக்களின் நேரத்தைத் தின்னும் பெண்களைப் பற்றி அவர் எழுதும்போது எரிச்சல் வெளிப்படையாகவே தெரிகிறது.

ரெயிம்ஸ் நகரத்து எர்மீன் என்னும் கைம்பெண்ணின் செய்தி இவ்வெரிச்சலின் மறுபக்கம். 1396இல் இறந்த அவ்வேழைப் பெண்ணின் காட்சிகளை அவருடைய ஆன்மகுரு எழுதிவைத்திருந்தார். அந்நூல் ஆய்வுக்கு வந்தபோது, விசுவாசத்திற்கு மாறானது எதுவும் அதில் இல்லையென ஜெர்சோன் சான்று தந்தார். பொதுமக்களிடையே பரப்ப வேண்டா என்று மட்டும் கூறினார். இருபது ஆண்டு கழித்து, தாமும் அவ்வெர்மீனிடம் ஏறத்தாழ மயங்கிவிட இருந்ததாக வருந்தி எழுதுகிறார். அவருடைய வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா? ஏழை விதவையின் துன்பத்தைக் கண்டு நெகிழ்ந்த பழைய ஜெர்சோனே மேலானவராகத் தோன்றுகிறார்.

ரோஜாக் காவியமும் காகத்தின் வாய்த் துண்டும்

இறையியலாருக்கும் காட்சி கண்ட பெண்களுக்கும் இடையே நிகழ்ந்தவற்றில் பெண்களின் குரல் பெரும்பாலும் ஆன்மகுருவின் எழுதுகோல் வழியே நமக்குக் கிட்டுகிறது. தன் பெயரில், தன் கையால் எழுதிய ஒரு பெண்ணையும் ஜெர்சோன் எதிர்கொண்டார். எதிரியாக அன்று, தோழராக. அவரே கிறிஸ்டீன் டி பிஸான்.

வெனிஸில் 1364 அளவில் பிறந்து, பிரெஞ்சு அரசவைச் சோதிடரின் மகளாக பாரிஸில் வளர்ந்து, இருபத்தைந்து வயதளவில் கணவனை இழந்து, எழுத்தையே தொழிலாகக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர் கிறிஸ்டீன். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த காவியம் 'ரோஜாக் காதை'. கியோம் டி லோரிஸ் தொடங்கியதை ழான் டி மன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரித்து முடித்தார். அவர் சேர்த்த பகுதியில் பெண்களைப் பற்றிய இழிமொழிகள் மலிந்துள்ளன என்று 1401இல் கிறிஸ்டீன் எழுத, அரசச் செயலர்கள் சினந்தெழுந்தனர். ழான் டி மோந்த்ரேய் என்பார், தியோபிராஸ்டஸை எதிர்த்தெழுதிய கிரேக்கக் கணிகை லியோந்தியத்தோடு கிறிஸ்டீனை ஒப்பிட்டார். பியேர் கோல் என்பார், பாட்டைப் புகழக் கேட்டு மகிழ்ந்து உரக்கப் பாடி, வாய்த்துண்டை நழுவவிட்ட காகத்தின் கதையை அவருக்கு நினைவூட்டினார். ஒரு பெண் கவிஞர் திறனாய்வில் இறங்கினால் கிடைக்கும் பட்டங்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாக இருந்தன. கிறிஸ்டீன் அசையவில்லை. 1402 பிப்ரவரியில் மடல்களனைத்தையும் தொகுத்து அரசி இசபோவிடம் அளித்தார். பூசல் பொதுமன்றத்திற்கு வந்துவிட்டது.

1402 மே 18ஆம் நாளிட்டு ஜெர்சோன் அக்காவியத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதுவும் பிரெஞ்சில். அந்நூல் ஒரு கனவுக் காட்சி. கிறித்தவத்தின் நீதிமன்றத்தில் கற்பு என்னும் அணங்கு வழக்குத் தொடுக்கிறாள். அவளுக்காக வாதிடுபவள் 'இறையியல் நாவன்மை' என்னும் மற்றொரு பெண். கற்பனையுலகில் இறையியலைப் பேசும் வாயைப் பெண்ணுக்குத் தந்தவர், மெய்யுலகில் அவ்வாயைப் பொத்தச் சொன்னார் என்பது சிந்திக்கத்தக்கது. கவிதை பற்றிய அவருடைய தீர்ப்பைக் கவிஞர்கள் ஏற்பது அரிது. அக்காவியத்தின் ஒரே படி தம்மிடம் இருந்து, அதன் விலை ஆயிரம் பொன்னாக இருப்பினும் அதனை எரித்துவிடுவேன் என்று அவர் கூறியதுண்டு. கிறிஸ்டீன் எரிக்கச் சொல்லவில்லை, விடை எழுதினார். 1405இல் அவர் இயற்றிய 'பெண்கள் நகரம்' அவ்விடையின் விரிவே.

பியேர் கோலுக்கு ஜெர்சோன் இலத்தீனில் எழுதிய மறுமொழியில் கிறிஸ்டீன் மதிப்போடு குறிக்கப்படுகிறார். ஆண்மை வாய்ந்த பெண் என்பது அவர் தந்த அடைமொழி. அதனைப் பாராட்டாகவே கூறினார். வாதம் செய்ய வல்ல பெண்ணுக்கு அவருடைய சொற்களஞ்சியத்தில் வேறு பெயர் இல்லை.

லியோன், 1429

அரசியல் ஜெர்சோனை வீடற்றவராக்கியது. 1407இல் ஆர்லியன்ஸ் பிரபுவைப் பர்கண்டிப் பிரபு கொலை செய்வித்தபோது, அக்கொலையை அறமென்று ழான் பெத்தி என்னும் இறையியலார் வாதிட்டார். ஜெர்சோன் அதனை விடாமல் எதிர்த்தார். 1413 கலகத்தில் அவர் வீடு சூறையாடப்பட்டது. கான்ஸ்டன்ஸ் சங்கம் முடிந்தபோது பாரிஸ் பர்கண்டியர் கையில் இருந்தமையால் திரும்ப இயலாமல், செருமானிய நாடுகளில் சில காலம் அலைந்து, 1419இல் லியோன் நகரையடைந்தார். துறவியாகிய தம்பி ஒருவர் அங்கு மடத்தலைவராக இருந்தார். சான்சலராக இருந்தவர் அங்கே சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்தார், இடைவிடாது எழுதினார். புனித சூசையப்பரைப் பற்றி இலத்தீனில் ஏறத்தாழ 3,000 அடிகளில் ஒரு காவியம் முன்னரே பாடியிருந்தவர், இறுதியாண்டுகளில் எடுத்துக்கொண்ட பெருநூல் 'மாக்னிபிகாத்' என்னும் மரியாளின் பாடலுக்கு விரிவுரை. நற்செய்தி நூலில் ஒரு பெண் தன் வாயாற் பாடிய பாடல் அது. பெண்ணின் போதனையை ஐயுற்றவர் அதனைப் பன்னிரு பகுதிகளாக விரித்து விளக்கினார். பாடலை இறைபுகழாகக் கொண்டமையால் போதனை பற்றிய வினா அவருக்கு எழவில்லை.

1429 மே 8ஆம் நாள் ஆர்லியன்ஸ் முற்றுகை நீங்கியது. ஒரு வாரத்திற்குள், மே 14 என்று நாளிடப்பட்டு, 'கன்னியொருத்தியின் வியத்தகு வெற்றி' என்னும் சிற்றாய்வு லியோனிலிருந்து புறப்பட்டது. இது ஜெர்சோனுடையதாகாது என்று ஐயுறுவோரும் உண்டு. எனினும் அவ்வாண்டிலேயே அவர் பெயரால் அது பரவியது. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் பாரிஸிலிருந்து அதற்கு மறுப்பும் எழுதப்பட்டது. நடையும் எச்சரிக்கையும் அவருடையன போன்றே உள்ளன. அப்பெண்ணை நம்புவது விசுவாசக் கட்டாயமன்று. பக்தியினால் நம்பலாம் என்று தொடங்குகிறார். அரசனும் அவையோரும் ஆராய்ந்து ஏற்றனர். அவள் தன்னலம் நாடவில்லை. மனித முன்னெச்சரிக்கையைக் கைவிட்டு இறைவனைச் சோதிக்கவில்லை. ஆடவர் உடையைத் தடுக்கும் உபாகமச் சட்டம், பழைய ஏற்பாட்டு நீதிச்சட்டம் என்ற அளவில் புதிய ஏற்பாட்டாரைக் கட்டாது. நாளை அவள் தோற்றாலும், அது மக்களின் நன்றியின்மைக்கு இறைவன் தரும் விடையாகலாம். அவள் இறைவனிடமிருந்து வரவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பதினேழு வயதளவுள்ள பெண், எழுத்தறியாதவள், தான் கேட்ட குரல்களை நம்பிப் புறப்பட்டவள். 1415ஆம் ஆண்டு வினாக்களின்படி ஐயத்திற்குரிய அடையாளங்கள் அத்தனையும் ஜோனிடம் இருந்தன. ஜெர்சோன் அவளை ஏற்றதற்கு அரசியற்சார்பு ஒரு காரணம். அவரைத் துரத்திய பர்கண்டியரும் ஆங்கிலேயரும் ஓரணி, ஜோன் எதிரணி. ஆனால் அதனினும் ஆழமான காரணமொன்று உண்டு. ஜோன் போதிக்கவில்லை. கோட்பாடு எதையும் உரைக்கவில்லை, நூல் எழுதவில்லை, செயல் புரிந்தாள். பழைய ஏற்பாட்டுத் தெபோராளுக்கும் யூதித்துக்கும் அருகில் வைத்தெண்ண அவள் தகுதியுற்றாள். பெண் கையில் வாளைப் பொறுத்துக்கொண்டவர் அவள் போதனைப் பீடம் ஏறுவதைப் பொறுக்கவில்லை. 1400இல் இட்ட கோடு 1429இலும் அவ்விடத்திலேயே கிடந்தது.

1429 ஜூலை 12ஆம் நாள் ஜெர்சோன் இறந்தார். ஐந்து நாள் கழித்து ரெயிம்ஸ் பேராலயத்தில் ஏழாம் சார்லஸ் முடிசூடினார். ஜோன் அருகில் நின்றாள். ஜூலை 31ஆம் நாளிட்டு ஒரு கவிதை வெளிவந்தது. பாடியவர் கிறிஸ்டீன். பதினோரு ஆண்டுகளாக மடத்தில் ஒதுங்கி அழுதிருந்ததாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் அம்முதியவர், மீண்டும் எழுதுகோலெடுத்து 61 செய்யுட்களில் ஜோனை வாழ்த்தினார். ஜோன் உயிரோடிருந்தபோது அவளைப் பற்றி எழுந்த கவிதைகளுள் அதுவே பெயர் பெற்றது. அங்கே கட்டாயம், பக்தி நம்பிக்கை என்ற பாகுபாடெல்லாம் இல்லை. பெண்குலத்திற்கு இது பெருமை என்ற களிப்பு ஒளிவின்றி வெளிப்படுகிறது.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1431இல் ரூவானில் ஜோனை விசாரித்த ஆயர் பியேர் கோஷோன், கான்ஸ்டன்ஸ் சங்கத்தில் பர்கண்டியர் பக்கம் நின்று ஜெர்சோனை எதிர்த்து வாதிட்டவர். குற்றச்சாட்டுகள் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டன. ஜெர்சோன் சான்சலராக இருந்த அதே பல்கலைக்கழகத்தின் இறையியல் துறை, அவள் காட்சிகள் பொய்யோ, தீய ஆவிகள் தந்தவையோ ஆகும் என்று முடிவு கூறியது. பெலியால், சாத்தான், பெகெமோத் என அவ்வாவிகளின் பெயர்களையும் எழுதியது. விசாரணையில் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவை யார், என்ன, எங்கிருந்து என்ற வினாக்களே. யாருடைய ஆலோசனையோடு செய்தாய், ஆன்மகுருவிடம் ஏன் கூறவில்லை என்றும் கேட்டனர். பொற்காசை உரைக்கத் தீட்டிய கல், தீட்டியவர் மறைந்தபின் எதிரிகளின் கையில் இருந்தது. 1431 மே 30ஆம் நாள் ஜோன் எரிக்கப்பட்டாள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1456 ஜூலை 7ஆம் நாள், அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. மறுவிசாரணைக்கெனத் தொகுத்த ஏடுகளில் இறையியலாரும் சட்ட அறிஞரும் எழுதிய ஆய்வுரைகள் பல சேர்க்கப்பட்டன. 1429 மே மாதத்து ஆய்வும் ஜெர்சோனின் பெயரோடு அவற்றுள் இடம்பெற்றது. கிறிஸ்டீனின் 61 செய்யுட்கள் அத்தொகுப்பில் இல்லை.